தர்மபுரி காற்றை அளந்தது யார்? புகை சர்டிபிகேட், டீசல், ஒரு நெடுஞ்சாலை

இந்த எபிசோடுக்கான கேள்வி ரொம்பச் சின்னது. உங்க போனில் வானிலை ஆப்பைத் திறந்து தர்மபுரி என்று தேடிப் பாருங்க. வெயில் எவ்வளவு, மழை வருமா என்பதோடு காற்றுத் தரம் என்று ஒரு எண்ணும் வரும். பச்சையோ மஞ்சளோ ஒரு கலரும் கூடவே வரும். அந்த எண்ணை யார் அளந்தாங்க? நாலு ரோட்டில் நின்று அளந்தாங்களா, பஸ் ஸ்டாண்டில் அளந்தாங்களா, இல்லை எங்கேயோ உட்கார்ந்து கணக்குப் போட்டாங்களா?

இதைத் தேடப் போனால் நாற்பது வருஷக் கதை ஒன்று கிடைக்கிறது. வண்டிப் புகையைப் பிடிக்க இந்திய அரசு மூன்று இடங்களில் மீட்டர் வைத்தது. ஒன்று ஊர்க் காற்றில், இன்னொன்று சைலென்சர் வாயில், மூன்றாவது டீசல் டேங்கில். இந்த மூன்றும் தர்மபுரி மாதிரி ஊருக்கு எப்போது வந்தது, எப்படி வந்தது என்பதுதான் இன்றைய எபிசோட்.

ரயில் போச்சு, ரோடு வந்துச்சு

முதலில் ரோட்டின் கதை. தர்மபுரி வழியா போகிற பாதை இன்று நேற்று வந்ததில்லை. பெங்களூரு மேட்டு நிலத்திலிருந்து சேலம் சமவெளிக்கு இறங்கணும் என்றால் பாராமஹால் வழியா வந்து தொப்பூர் கணவாயில் இறங்குவதுதான் நேர் வழி. திப்பு காலத்துப் படைகளுக்கும் இது தெரியும், கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தெரியும். 1792-க்குப் பிறகு கம்பெனிக்காக இந்தப் பகுதியில் வரிக் கணக்கு போட வந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில்தான் சில வருஷங்கள் இருந்தார்.

ரயில் காலத்தில் தர்மபுரிக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. சென்னை – சேலம் பெரிய லைன் மொரப்பூர் வழியா போகும், தர்மபுரியைத் தொடாது. அதனால் 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு குறுகிய பாதை ரயில் போட்டாங்க. 2 அடி 6 அங்குல அகலம்தான். 1913-ல் அதை ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. ஆனால் 1941-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்த ரயிலை மூடினாங்க. தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்தாச்சு. சேலம் – பெங்களூரு ரயில் பாதை பின்னாளில் தர்மபுரி வழியா வந்தது உண்மை. ஆனால் மொரப்பூர் இணைப்பு போனது போனதுதான். சென்னைக்கு ரயில் பிடிக்கணும் என்றால் முதலில் பஸ் ஏறி மொரப்பூருக்குப் போகணும் என்பது இந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம். அந்த லைனைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்காத தேர்தலே கிடையாது.

இதை ஏன் சொல்றேன் என்றால், ரயில் இல்லாத இடத்தில் எல்லாமே டயரில்தான் போகும். பாலக்கோடு தக்காளி, மாம்பழம், புளி, கிரானைட் கல் என எல்லாம் லாரியில்தான். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஆட்கள் பஸ்ஸில். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது. 1987-ல் தர்மபுரியைத் தலைமையிடமாக வைத்து அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் வந்தது. அதற்கு முன்னால் சேலம் அண்ணா போக்குவரத்துக் கழகத்தின் கீழே இருந்த பஸ்கள்தான் அவை. ஊர்ப் பெரியவங்ககிட்ட இன்றைக்கும் 'சத்யா பஸ்' என்று சொன்னால் புரியும்.

தேசிய நெடுஞ்சாலை இன்னொரு பக்கம். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போன பழைய என்.ஹெச். 7 இந்த வழியாகத்தான் போனது. 2010-ல் எண்களை மாற்றியபோது இது ஸ்ரீநகர் – கன்னியாகுமரி என்.ஹெச். 44 ஆனது. வட இந்தியாவிலிருந்து தெற்கே வருகிற லோடும், சங்ககிரி, நாமக்கல் லாரிகள் வடக்கே ஏற்றிக்கொண்டு போகிற லோடும் தர்மபுரியைத் தாண்டித்தான் போகணும்.

ஊருக்குள்ளே வண்டி நெரிசல் ஆனதும் ஒரு பைபாஸ் போட்டாங்க. இன்று நேதாஜி பைபாஸ் ரோடு என்று கடை போர்டுகளில் பார்க்கலாம். பெயரில்தான் பைபாஸ். அந்த ரோடே இப்போ ஊருக்கு நடுவில் இருக்கு. நாலு வழிச் சாலை இன்னும் வெளியே தள்ளிப் போனது. இந்திய ஊர்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். புகையைத் தள்ளி வைக்க ஒரு ரோடு போடுவோம், அந்த ரோட்டோரமாகவே ஊர் வளர்ந்து புகையைத் தொட்டுவிடும்.

முதல் மீட்டர்: ஊர்க் காற்று

இந்தியாவில் காற்றுக்கு என்று தனிச் சட்டம் 1981-ல்தான் வந்தது. தண்ணீருக்கு 1974-லேயே வந்துவிட்டது. காற்றைத் தேசிய அளவில் வரிசையாக அளக்கும் வேலை 1984-85-ல் தொடங்கியது. மொத்தம் 7 நிலையங்கள், அதுவும் ஆக்ராவிலும் அன்பாராவிலும் மட்டும். ஏன் இந்த இரண்டு ஊர்? ஆக்ராவில் தாஜ்மஹால் இருக்கு. பக்கத்தில் மதுரா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1982-ல் ஓட ஆரம்பித்ததால் பளிங்குக் கல் கெட்டுப்போகுமோ என்ற கவலை. அன்பாராவில் அனல் மின் நிலையம். ஆக நம்ம நாட்டில் காற்றை அளக்கத் தொடங்கிய இடங்களில் ஒன்று பளிங்குக் கல், இன்னொன்று நிலக்கரி.

எப்படி அளந்தாங்க என்பதும் சுவாரசியமான விஷயம். ஒரு பெட்டிக்குள் மோட்டார், அதற்கு முன்னால் ஒரு வெள்ளை ஃபில்டர் தாள். காற்றை இழுத்து அந்தத் தாள் வழியா விடுவாங்க. தாளை முன்னாடி ஒரு தடவை எடை போடுவாங்க, பின்னாடி ஒரு தடவை எடை போடுவாங்க. கூடின எடைதான் தூசி. எவ்வளவு காற்று இழுத்தோம் என்ற கணக்கால் அதை வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம். வருஷத்துக்கு 104 நாள் அளக்கணும் என்பது விதி.

இந்தத் திட்டம் மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கு விரிந்தது. 2010-களின் நடுவில்கூட தமிழ்நாட்டில் இந்தத் தேசியத் திட்டத்துக்குள் இருந்த ஊர்கள் எட்டுதான்: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், மேட்டூர், தூத்துக்குடி, கடலூர். பட்டியலைப் பார்த்தாலே புரியும், ஒன்று பெரிய நகரம், இல்லை என்றால் தொழிற்சாலை ஊர். தெற்கே சேலம் இருக்கு, தென்மேற்கே மேட்டூர் இருக்கு, தர்மபுரி இல்லை. பட்டியல் போட்டவங்களைக் குறை சொல்லவும் முடியாது. கையில் பத்து மெஷின் இருந்தால் யாராக இருந்தாலும் ரசாயன ஆலை இருக்கிற ஊரில்தான் முதலில் வைப்பாங்க. ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. புகை என்றால் ஆலைச் சிம்னி, மாசு என்றால் மாநகரம். ஒரு நெடுஞ்சாலை ஊரின் பஸ் ஸ்டாண்ட் அந்தக் கற்பனையில் வரவே இல்லை.

இரண்டாவது மீட்டர்: சைலென்சர் வாய்

ஊர்க் காற்றுக்கு வராத மீட்டர், வண்டிக்கு வந்தது. 1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம், 1989-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள். அதில் 115-ஆவது விதிதான் நாம் 'புகை சர்டிபிகேட்' என்று சொல்வதன் தாய். டிஎன் 29 என்று ஆரம்பிக்கிற ஒவ்வொரு வண்டியும், ஸ்கூட்டியோ டிப்பரோ, இந்தச் சோதனைக்குள் வரணும். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், புகை சர்டிபிகேட் இல்லாமல் இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்றும் சொன்னது, அந்த நிபந்தனை 2024 வரை இருந்தது.

சரி, இந்தச் சோதனை எதை அளக்குது? பெட்ரோல் வண்டி என்றால் நியூட்ரலில் நிற்க வைத்து, சைலென்சருக்குள் ஒரு குழாயை விட்டு, கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்ப்பாங்க. டீசல் வண்டி என்றால், அதுவும் நியூட்ரலில்தான், ஆக்சிலேட்டரை முழுசா அழுத்தி, வருகிற புகை ஒளியை எவ்வளவு மறைக்குது என்று பார்ப்பாங்க. அவ்வளவுதான்.

இப்போ தொப்பூர் கணவாயை நினைச்சுப் பாருங்க. சேலம் பக்கத்திலிருந்து முழு லோடோடு ஒரு லாரி ஏறுது. கீழ் கியரில், மனுஷன் ஓடுகிற வேகத்தில், எஞ்சின் கத்திக்கொண்டே ஏறும். அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் போகிற டீசல் அதிகம். எரிய வேண்டிய அளவுக்குக் காற்று கிடைக்கலை என்றால் கரி கரியா வெளியே வரும். சூடு அதிகமானதால் நைட்ரஜன் ஆக்சைடும் அதிகம். சர்டிபிகேட் கொடுத்த சோதனையில் ஏற்றமும் கிடையாது, லோடும் கிடையாது. நைட்ரஜன் ஆக்சைடை அந்தச் சோதனை அளக்கவே இல்லை. நுரையீரலின் ஆழம் வரை போகிற நுண்துகளின் எடையையும் அளக்கலை. தொப்பூர் என்றாலே விபத்துதான் நமக்கு ஞாபகம் வரும், அதுவும் இறக்கத்தில். ஏற்றத்தில் நடக்கிறது இன்னொரு மாதிரி ஆபத்து. அதற்கு எஃப்ஐஆர் கிடையாது.

நிற்கிற வண்டியில் எடுத்த அளவு ஓடுகிற வண்டிக்குப் பொருந்தாது என்பது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபோக்ஸ்வேகன் கார்களில் கருவியை மாட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தாங்க. லேபில் சுத்தமா இருந்த கார் ரோட்டில் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது. 2015 செப்டம்பரில் அது உலகச் செய்தியானது. சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்கா நடந்துகொள்கிற மாதிரி சாஃப்ட்வேர் எழுதி வைத்திருந்தாங்க. என் தொழில்காரங்க எழுதினதுதான், என்ன செய்ய. இந்தியாவில் புது மாடல்களை ரோட்டில் ஓட்டிச் சோதிக்கிற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டிகளுக்கு இன்றும் அதே நியூட்ரல் சோதனைதான்.

மூன்றாவது மீட்டர்: டீசல் டேங்க்

இங்கேதான் கதையின் முக்கியமான பகுதி. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

1985-ல் எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் டெல்லி வண்டிப் புகை பற்றி உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கு பல வருஷம் நடந்தது. அதன் அழுத்தத்தில்தான் பல மாற்றங்கள் வந்தன. 1995 ஏப்ரலிலிருந்து நாலு மாநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கேடலிடிக் கன்வெர்ட்டர், அதற்கு ஈயம் இல்லாத பெட்ரோல். 1998 ஜூலை 28-ஆம் தேதி, டெல்லி பஸ்கள் எல்லாம் சிஎன்ஜிக்கு மாறணும் என்ற உத்தரவு. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல். அந்தக் கடைசி மாற்றத்தை மட்டும் கவனிங்க. பெட்ரோலில் ஈயம் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அதை நிறுத்தியபோது டெல்லிக் குழந்தைக்கும் பென்னாகரம் குழந்தைக்கும் ஒரே நாளில் நன்மை கிடைத்தது. நாலு மாநகரத்துக்கு 1995-லேயே கிடைக்க ஆரம்பித்ததைக் கணக்கில் எடுத்தால், அஞ்சு வருஷம் தாமதமா என்றாலும் கிடைத்தது.

டீசலில் அப்படி நடக்கலை. டீசலில் இருக்கிற கந்தகம்தான் பிரச்சினை. கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு, அது காற்றில் மாறி நுண்துகள். அதைவிட முக்கியமா, கந்தகம் அதிகமா இருந்தால் புகையை வடிகட்டுகிற கருவியை வண்டியில் மாட்டவே முடியாது, கெட்டுப்போகும். அதனால் டீசல் சுத்தமாகாமல் எஞ்சின் சுத்தமாகாது.

2001-ல் ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில் ஒரு குழு போட்டாங்க. அதன் அடிப்படையில் வந்த வாகன எரிபொருள் கொள்கை 2003-ல் ஒப்புதல் ஆனது. அந்தக் கொள்கை நாட்டை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் 11 பெரிய நகரங்கள், அதில் சென்னையும் பெங்களூரும் உண்டு. மறு பக்கம் மீதி இந்தியா. தர்மபுரி எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணாகப் பார்த்தால்தான் இது உறைக்கும். 2005-ல் அந்த 11 நகரங்களில் டீசலில் கந்தகம் 350 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 350 பங்கு. மீதி நாட்டில் 500 பிபிஎம். 2010-ல் நகரங்களின் எண்ணிக்கை 13 ஆனது, அங்கே பிஎஸ் 4 வந்தது, கந்தகம் 50 பிபிஎம்முக்கு இறங்கியது. மீதி நாட்டில் பிஎஸ் 3, கந்தகம் 350 பிபிஎம். ஏழு மடங்கு. பெங்களூருக்கும் தர்மபுரிக்கும் நடுவில் 130 கிலோமீட்டர்தான் இருக்கும். பெங்களூரில் பதிவு செய்ய முடியாத புது வண்டியைத் தர்மபுரியில் பதிவு செய்யலாம் என்ற நிலை. லாரிக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும். நேஷனல் பெர்மிட் லாரியைப் பதிவு செய்ய எந்த மாநகரத்துக்கும் போக வேண்டியதில்லை, டீசலும் வழியில் எந்த பங்க்கிலும் அடிச்சுக்கலாம்.

இதில் இன்னொரு முரண் இருக்கு. 1994-ல் அறிவித்த தேசியக் காற்றுத் தரத்தில் தொழிற்பேட்டைக்கு ஒரு அளவு, குடியிருப்புக்கு ஒரு அளவு என்று வேறுபாடு இருந்தது. குடியிருப்பில் ஒரு நாளைக்கு மொத்தத் தூசி 200 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது, தொழிற்பேட்டை என்றால் 500 வரைக்கும் பரவாயில்லை. 2009 நவம்பரில் அதைத் திருத்தினாங்க. மனுஷன் எங்கே இருந்தாலும் நுரையீரல் ஒன்றுதான் என்று ஒரே அளவாக்கினாங்க. பிஎம் 2.5-க்கு வருஷ சராசரி 40, ஒரு நாளைக்கு 60. நல்ல திருத்தம். ஆனால் அதற்கு அஞ்சே மாசம் கழித்து, 2010 ஏப்ரலில், எரிபொருள் விதி ஊருக்கு ஊர் வேறுபாட்டைத் தொடர்ந்தது. காற்றுக்கான விதி எல்லாரும் சமம் என்றது. டீசலுக்கான விதி 13 நகரங்கள் மட்டும் கொஞ்சம் கூடுதல் சமம் என்றது.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். சுத்திகரிப்பு ஆலைகளை மாற்ற ஆயிரக்கணக்கான கோடி செலவு, ஒரே நாளில் நாடு முழுவதும் மாற்ற முடியாது. பெரிய நகரங்களில் வண்டியும் ஜனமும் அதிகம், அங்கே ஆரம்பிப்பது ஒரு கணக்கில் சரி. ஆனால் லாரி நகரத்தில் மட்டும் ஓடுவதில்லையே. பெருநகரத்துக்கு உள்ளே பகலில் லாரி வரக் கூடாது என்று தடை போடுவாங்க. வெளியே நெடுஞ்சாலை ஊர்களில் ராத்திரி பகல் அது ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாக அறிவித்தபோதும் இந்த இரட்டை விதி நடந்துகொண்டுதான் இருந்தது. 2017 ஏப்ரல் 1-ல்தான் நாடு முழுவதும் ஒரே பிஎஸ் 4. அதற்கு மூன்று நாள் முன்னால், மார்ச் 29-ல், மிச்சம் இருக்கிற பிஎஸ் 3 வண்டிகளை விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது.

பட்டியலில் இல்லாத ஊர்

2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தது. காற்று கெட்டுப்போன 102 ஊர்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே காசு செலவு செய்து சரி பண்ணுவது திட்டம். எப்படித் தேர்ந்தெடுத்தாங்க? 2011 முதல் 2015 வரை தொடர்ந்து அளவு மீறிய ஊர்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்த முதல் பட்டியலில் இருந்தது தூத்துக்குடி மட்டும்தான். சென்னை, மதுரை, திருச்சி எல்லாம் பிறகு சேர்ந்தன, அவை பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்கள் என்பதால்.

இந்த விதியைக் கவனிங்க. அளவு மீறியது என்று நிரூபிக்கணும் என்றால் முதலில் அளந்திருக்கணும். மீட்டர் இல்லாத ஊர் அளவு மீறவே முடியாது. எங்க தொழிலில் டேட்டா இல்லாத கட்டத்துக்கு 'நல்' என்று போடுவோம். அது பூஜ்யம் கிடையாது, தெரியாது என்று அர்த்தம். இந்த இரண்டையும் குழப்பினால் புரோகிராம் தப்பான பதிலைத் தரும் என்பது முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற பாடம். தமிழில் எழுதினால் அந்த 'நல்' கிட்டத்தட்ட 'நல்ல' மாதிரியே தெரியும். அரசுப் பட்டியலிலும் அதுதான் நடந்தது. தெரியாத காற்று நல்ல காற்றாகவே படிக்கப்பட்டது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பட்டியலில் இருக்கிற ஊருக்கு ரோடு கூட்டும் மெஷின், மீட்டர், செயல்திட்டம் எல்லாம் வரும். இல்லாத ஊருக்கு வராது. இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் பூ விற்கிற அம்மா, நாலு ரோட்டில் நிற்கிற டிராஃபிக் போலீஸ்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், இவங்களில் யாருக்காவது வருஷக்கணக்கில் இருமல் இருந்தால் அதற்குப் புகைதான் காரணமா என்று சொல்ல ஒரு துண்டுக் கணக்குகூட அந்த வருஷங்களில் சேரலை. கடந்து போன வருஷத்துக் காற்றை இனி யாராலும் அளக்க முடியாது.

பிஎஸ் 6-க்கு அப்புறம்

நல்ல செய்தியும் இருக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6. இந்தியா பிஎஸ் 5-ஐத் தாண்டி நேரா 6-க்குக் குதித்தது. டீசலில் கந்தகம் 10 பிபிஎம். முக்கியமா, இந்த முறை நாட்டுக்கே ஒரே தேதி. கடைசியில் தர்மபுரி பங்க்கும் பெங்களூரு பங்க்கும் ஒரே டீசலை விற்க ஆரம்பித்தன. புது லாரியில் துகளைப் பிடிக்க ஃபில்டர், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஆட்ப்ளூ திரவம். ஓட்டுநர்களைக் கேட்டால் அதைப் பற்றிப் புலம்புவாங்க, செலவு கூடுது என்று. ஆனால் பின்னாடி பைக்கில் வருகிறவருக்கு வித்தியாசம் மூக்கிலேயே தெரியும்.

ஆனால் லாரி பதினைஞ்சு இருபது வருஷம் உழைக்கும். 2012-ல் வாங்கின பிஎஸ் 3 லாரி இன்றும் தொப்பூர் ஏறுது. முதல் சொந்தக்காரர் நீண்ட தூர லோடுக்கு ஓட்டுவார், அடுத்தவர் பக்கத்து மாவட்டத்துக்கு, மூன்றாமவர் ஊருக்குள் ஜல்லிக்கும் மணலுக்கும். வண்டி பழசாகப் பழசாக அது ஓடுகிற தூரம் சுருங்கி, ஊருக்குள் வந்து உட்காரும். இரட்டை விதியின் மிச்சம் இப்படி இன்னும் சில வருஷம் நம்ம ரோட்டில்தான் இருக்கும்.

சரி, இப்போ எப்படி அளப்பது?

மறுபடி அந்த ஆப்புக்கு வருவோம். ஊரில் நிலையம் இல்லாத இடத்துக்கு ஆப்புகள் செயற்கைக்கோள் படம், காற்று எப்படி வீசுது என்ற கணினி மாதிரி, தூரத்து நிலையங்களின் அளவு எல்லாவற்றையும் கலந்து ஒரு எண் தரும். மோசம் என்று சொல்ல மாட்டேன். மாவட்டம் முழுக்க இன்று பொதுவா எப்படி என்று சொல்ல அது போதும். ஆனால் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம். பஸ் ஸ்டாண்டும் பக்கத்து மாந்தோப்பும் அதற்கு ஒரே இடம்தான்.

2015 ஏப்ரலில் இந்தியா அறிமுகம் செய்த காற்றுத் தரக் குறியீட்டிலும் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அது 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடுவது. காலை எட்டரைக்குப் பள்ளிக்கூட வேன், டவுன் பஸ், பைக் எல்லாம் ஒன்றா மோதும்போது இருக்கிற உச்சம், ராத்திரி இரண்டு மணி அமைதியோடு சேர்ந்து கரைந்துபோகும். பிள்ளைகள் நிற்பது எட்டரைக்குத்தான்.

தர்மபுரிக்கு என்று ஒரு சின்ன ஆய்வு செய்யணும் என்றால் செய்யலாம். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் இருந்தால் போதும். லேசர் ஒளியைத் துகள் மேல் அடித்து எண்ணுகிற சின்ன சென்சார்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. அதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஈரப்பதம் அதிகமான மார்கழிக் காலையில் பனித்துளியையும் துகள் என்று எண்ணி அதிகமா காட்டும். அதனால் முதலில் சேலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையத்துக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று திருத்தம் கண்டுபிடிக்கணும். இரண்டாவது, ஒரு இடம் போதாது. குறைந்தது மூன்று வேணும்: பஸ் ஸ்டாண்ட் அல்லது நாலு ரோடு, நெடுஞ்சாலை ஓரம், அப்புறம் வண்டி அதிகம் இல்லாத ஒரு கிராமம். கிராமத்து அளவைக் கழித்தால்தான் ஊர் கூட்டினது எவ்வளவு என்று தெரியும்.

எல்லாத்துக்கும் வண்டிதான் காரணம் என்றும் சொல்லிவிடக் கூடாது. குப்பை எரிப்பு, விறகடுப்பு, கல் குவாரித் தூசி எல்லாம் இருக்கு. பிரித்துப் பார்க்க வழி உண்டு. நைட்ரஜன் டை ஆக்சைடும் கரியும் காலை மாலை இரண்டு வேளையும் வண்டி நெரிசலோடு ஏறி இறங்கினால் அது வண்டியின் கையெழுத்து. பெரிய துகள் மட்டும் ஏறினால் ரோட்டுத் தூசி. கூடவே ஒரு ஆள் உட்கார்ந்து மணிக்கு எத்தனை பைக், எத்தனை பஸ், எத்தனை லாரி என்று நோட்டில் கோடு போட்டு எண்ணணும். மலிவான வேலை, ஆனால் அந்த எண்ணிக்கை இல்லாமல் எந்தப் புகைக் கணக்கும் முழுசாகாது. ஒரு வருஷம் இதைச் செய்து அந்த ஃபைலைப் பொதுவில் வைத்தால், அடுத்த தடவை ஒரு பட்டியல் போடுகிறவங்களுக்குத் தர்மபுரிக்கு நேரே எழுத ஒரு எண் இருக்கும்.

அவ்வளவுதான் மக்களே இந்த எபிசோட். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது இந்த மாதிரி அளந்துகொண்டிருந்தால் எழுதுங்க, டேட்டாவைச் சுத்தம் செய்து வரைபடம் போட்டுத் தருகிற வேலையை நான் பார்த்துக்கறேன். அடுத்த எபிசோடில் மொரப்பூர் – ஓசூர் குறுகிய ரயிலைப் பற்றி விரிவா பேசலாம்.